முயல் வளையும் உளிக்கலப்பையும்: ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தொல்லை கண்ணில் படும்போதுதான் விவசாயி கையை ஓங்குகிறார். பன்றி கிழங்கைக் கிளறிய மறுநாள் வேலி, எலி கதிரை அறுத்த பிறகு விஷம். இது மனித இயல்புதான். ஆனால் வேகமாகப் பெருகும் ஒரு விலங்கு நிலம் கொள்ளாமல் நிறைந்திருக்கும் நாளில் அதன்மேல் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி வீணாகிறது. இதை ஆஸ்திரேலியா ஒரு நூற்றாண்டுக்கு மேல் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நாட்டு முயல் கதை என்றாலே முடிவில்லாத கம்பி வேலியும் கொள்ளைநோய் வைரஸும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த ஆய்வின் நாயகன் அவ்வளவு கவர்ச்சியில்லாத ஒன்று: டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய உளிக்கலப்பை.

முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் ஓடும் கருங்கழுத்து முயல் வளை தோண்டாது. புல்லடியில் ஒரு சிறு பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும்; அதன் குட்டிகள் கண் திறந்து, மயிரோடு பிறக்கும். ஆஸ்திரேலியாவை அலைக்கழித்தது வேறு இனமான ஐரோப்பிய முயல். அது கூட்டமாக வாழ்வது, வளை தோண்டுவது. அதன் குட்டிகள் கண் மூடி, மயிரின்றிப் பிறக்கின்றன. இந்த வேறுபாட்டை மறந்தால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

விருந்தாளியாக வந்தது

1788இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பல் தொகுதியிலேயே ஐந்து முயல்கள் இருந்தன. அதன் பிறகும் பலர் கொண்டுவந்தார்கள். அவை பெரும்பாலும் கூண்டில் வளர்ந்த சாதுவான முயல்கள். அங்கங்கே தப்பிப் பிழைத்தாலும் கண்டத்தை விழுங்கவில்லை. 1859 கிறிஸ்துமஸ் நாளில் மெல்போர்னில் கரைசேர்ந்த லைட்னிங் என்ற கப்பலில் வந்தவை வேறு ரகம். விக்டோரியா மாநிலத்தில் வின்செல்சிக்கு அருகே பார்வன் பார்க் என்ற பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்தின் சமர்செட்டிலிருந்த தன் குடும்பத்தாரிடம் கேட்டு வரவழைத்த 24 முயல்கள் அவை. அவற்றில் காட்டு முயல்களும் கலந்திருந்தன. 2022இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, கண்டம் முழுவதும் பரவிய முயல்களில் மிகப் பெரும்பான்மையின் வேர் இந்த ஒரே வரவில்தான் இருக்கிறது என்று காட்டியது. எழுபது ஆண்டுகளாகப் பலமுறை வந்தும் பரவாத விலங்கு இந்த முறை பரவியதற்குக் காட்டு இரத்தம் முக்கியக் காரணம் என்பது அந்த ஆய்வின் முடிவு.

நிலமும் அதற்குத் தயாராகவே இருந்தது. ஆட்டுப் பண்ணையார்கள் டிங்கோ நாய்களையும் கழுகுகளையும் விஷம் வைத்தும் சுட்டும் குறைத்திருந்தார்கள். ஆடு மேய்ந்து புல் குட்டையாகியிருந்தது. முயலுக்கு அதுவே பிடித்தமானது. வறண்ட பகுதிகளில் பெட்டாங் என்ற சிறு கங்காரு வகை போன்ற மண்ணின் விலங்குகள் தோண்டி வைத்த வளைகள் இருந்தன. முயல் அவற்றில் நேரே குடிபுகுந்தது. ஆண்டுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்த கூட்டம், 1890களின் நடுவில் நல்லார்போர் சமவெளியைத் தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது.

கூட்டல் கணக்கு

பெண் முயல் மூன்று நான்கு மாதத்தில் பருவமடைகிறது. கர்ப்பக்காலம் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினையாக முடியும். மழை பெய்து பசும்புல் இருக்கும் வரை ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள் என்று தொடரும். ஒரு ஜோடி பதினெட்டு மாதத்தில் 184 ஆகலாம் என்று ஆஸ்திரேலிய வேளாண் கையேடுகள் கணக்குச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் சாவு குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் திசை புரியும். நூறு முயலில் தொண்ணூறைக் கொன்றுவிட்டு வீட்டுக்குப் போனவர், இரண்டு நல்ல பருவம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நூறு முயல் நிற்கும்.

இந்தப் பெருக்கத்தில் ஒரே ஒரு கண்ணி பலவீனமானது. மயிரின்றிப் பிறக்கும் குட்டிக்குச் சூடும் குளிரும் ஏறி இறங்காத, ஈரப்பதம் குறையாத, நரி எட்டாத இடம் வேண்டும். வளை இல்லாத இடத்தில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை நரிக்கும் பூனைக்கும் வெயிலுக்கும் போய்விடும். இறுகிய மண்ணில் புதிதாக ஒரு வளைத்தொகுதி தோண்டுவது முயலுக்கு எளிதல்ல. தலைமுறை தலைமுறையாகப் பழைய வளைகளிலேயே வாழ்கிறது. முயல் அனைத்தும் செத்தாலும் வளை வீடு போல நிற்கும். அடுத்த பருவத்தில் எங்கிருந்தோ ஒரு ஜோடி வந்தால் போதும், கட்டட வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

பணமும் கம்பியும்

முதலில் அரசுகள் செய்தது, தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. ஊக்கத்தொகைத் திட்டங்கள் எங்கே முடியுமோ அங்கேயே இதுவும் முடிந்தது. பொறி வைப்பவருக்கு முயல் தீர்ந்துபோவது நஷ்டம். இறைச்சிக்கும், தொப்பி செய்யும் ஃபெல்ட் துணிக்கு வேண்டிய மயிருக்கும் சந்தை உருவான பிறகு, முயலை ஒழிக்க வேண்டும் என்றவர்களுக்கும் அதை விற்றுப் பிழைத்தவர்களுக்கும் இடையே இழுபறி நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏழைகளின் கறி இந்த முயல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நிலவுடைமையாளருக்குத் தொல்லையாக இருந்தது பலருக்குச் சோறு போட்டது.

1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு வழி கண்டுபிடிப்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. பாரிஸிலிருந்து லூயி பாஸ்டர் கோழிக் காலராக் கிருமியைப் பரிந்துரைத்து, தன் உறவினர் அட்ரியன் லுவாரை 1888இல் அனுப்பினார். சிட்னி துறைமுகத்தில் உள்ள ராட் தீவில் சோதனை நடந்தது. கிருமி கலந்த தீனியைத் தின்ற முயல் செத்தது. ஆனால் நோய் முயலிலிருந்து முயலுக்குத் தொற்றிப் பரவவில்லை, பறவைகளையும் கொன்றது. பரிசு யாருக்கும் போகவில்லை. லுவார் மட்டும் அதே தீவில் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி தயாரிக்கத் தொடங்கினார். முயலுக்கு வந்தவரால் ஆடு பிழைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியா வேலி கட்டியது. 1901இல் தொடங்கி 1907இல் முடிந்த மூன்று வேலிகளின் மொத்த நீளம் 3,256 கிலோமீட்டர். முதல் வேலி மட்டும் தென்கடலிலிருந்து வடமேற்குக் கடற்கரை வரை 1,833 கிலோமீட்டர். தோண்டிப் புகாதபடி கம்பி வலையை மண்ணுக்குள் அரை அடி இறக்கினார்கள். காவலர்கள் ஒட்டகத்திலும் குதிரையிலும் ரோந்து போனார்கள். வேலை முடிவதற்கு முன்பே, 1902இல், முதல் வேலிக்கு மேற்கே முயல்கள் காணப்பட்டன. ஓடிக்கொண்டிருப்பதை மறிக்கும் வேலி, ஓடுவதற்கு முன்பே நிற்க வேண்டும். காலத்தே கட்டி, ஓயாமல் பழுது பார்த்த வேலி வேலை செய்யும் என்பதற்குக் குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதி சான்று. அங்கே 555 கிலோமீட்டர் வேலி இன்றும் பராமரிக்கப்படுகிறது, அதற்குள்ளிருக்கும் வளமான வயல்களில் முயல் மிகக் குறைவு. அந்த மாநிலத்தில் முயலைச் செல்லப் பிராணியாக வளர்ப்பதே குற்றம். அனுமதி பெற்ற வித்தைக்காரர்கள் விதிவிலக்கு. தொப்பியிலிருந்து எடுப்பதற்கு ஏதாவது வேண்டுமே.

கொசு கொண்டுபோன வைரஸ்

மிக்சோமா வைரஸ் 1896இல் உருகுவேயில் ஆய்வுக்கூட முயல்களிடம் கண்டறியப்பட்டது. தென் அமெரிக்க முயலினங்களில் சிறு கட்டியாக வந்து போகும் நோய், ஐரோப்பிய முயலைக் கொன்றுபோட்டது. அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1930களில் விடாமல் வற்புறுத்தியவர் மெல்போர்ன் மருத்துவர் ஜீன் மெக்னமாரா. முதல் சோதனைகள் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலும் அம்மாநிலத்தின் வறண்ட பகுதிகளிலும் நடந்து பிசுபிசுத்தன. 1950இல் விலங்கியலாளர் பிரான்சிஸ் ராட்கிளிஃபின் குழு மர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மறுபடியும் முயன்றது. நோய் தாக்கிய முயல்களை விட்டார்கள். சில வாரங்களில் நோய் அணைந்துபோனது போலத் தெரிந்தது. அந்த ஆண்டு நல்ல மழை. டிசம்பரில் ஆற்றங்கரைகளில் கொசு கிளம்பியது. நோய் ஆறுகளின் போக்கிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாய்ந்தது.

நோய் கண்ட முயலைப் பார்ப்பது இனிய காட்சியன்று. காதடியிலும் மூக்கிலும் கட்டிகள் எழும்பும். இமைகள் வீங்கிச் சீழ் கோத்து ஒட்டிக்கொள்ளும். குருடாகிப் பட்டப்பகலில் பாதையோரம் உட்கார்ந்திருக்கும், அருகே போனாலும் ஓடாது. பத்துப் பன்னிரண்டு நாளில் சாவு. இதை மனிதநேயமான முறை என்று எவரும் சொல்ல முடியாது.

1951 தொடக்கத்தில் அதே பள்ளத்தாக்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் வைரஸ்தான் காரணம் என்று மக்கள் அஞ்சினார்கள். விஞ்ஞானிகள் மாக்ஃபர்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் கிளூனிஸ் ராஸ் மூவரும் அந்த வைரஸைத் தங்களுக்கே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, செய்தி நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் வேறொரு வைரஸ். இரண்டே ஆண்டில் 60 கோடி முயல் 10 கோடியாகக் குறைந்தது என்பது அக்கால மதிப்பீடு.

பிறகு நடந்ததை ஃபென்னர் ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்தார். முதல் அலையில், நோய் கண்ட முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் கொன்ற வைரஸ், சில ஆண்டுகளிலேயே தணிந்தது. உடனே கொல்லும் வகை, முயலோடு சேர்ந்து தானும் மண்ணுக்குள் போய்விடுகிறது. முயலைச் சில வாரம் உயிரோடு வைத்திருக்கும் வகையைத்தான் கொசு அதிகம் எடுத்துச் செல்கிறது. மறுபுறம் முயலும் மாறியது. யூரானா ஏரிப் பகுதி முயல்களை ஆய்வகத்தில் ஒரே வீரியமுள்ள வைரஸால் சோதித்தபோது, முன்பு 90 சதவீதம் செத்த இடத்தில் ஏழு கொள்ளைநோய்ப் பருவங்களுக்குப் பிறகு சுமார் 26 சதவீதமே செத்தது. பரிணாமத்தை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த சம்பவங்கள் உயிரியலில் மிகக் குறைவு.

பாடநூல்கள் இங்கே நின்றுவிடுகின்றன. விவசாயிக்கு வேண்டிய கேள்வி வேறு: முயல் வெகுவாகக் குறைந்திருந்த அந்தச் சில ஆண்டுகளில் நிலத்தில் என்ன செய்தார்கள்? சிலர் மட்டும் காலி வளைகளை உழுது புதைத்தார்கள். பலர் பிரச்சினை தீர்ந்தது என்று ஆடுகளைப் பெருக்கினார்கள். கம்பளி விலை உச்சத்தில் இருந்த காலம் அது. ஆளில்லாத வளைமேல் டீசல் செலவிட யாருக்கு மனம் வரும்? என் கணிப்பில், இந்த 160 ஆண்டுக் கதையில் கைநழுவிப்போன மிகப் பெரிய வாய்ப்பு அதுதான்.

இரண்டாவது வாய்ப்பு 1995இல் வந்தது. சீனாவில் 1984இல் முதலில் அறியப்பட்ட முயல் இரத்தக்கசிவு நோயின் கலிசி வைரஸை வார்டாங் தீவில் அடைத்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அக்டோபரில் அது கடலைத் தாண்டி நிலப்பரப்புக்குள் வந்துவிட்டது; ஈக்கள் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது பொதுவான முடிவு. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் போன்ற வறண்ட பகுதிகளில் முயல் 95 சதவீதம் வரை சரிந்தது. மழை மிகுந்த கடலோரங்களில் அவ்வளவு பலன் இல்லை. அங்கே முயல்களிடம் முன்பே ஒரு தீங்கற்ற கலிசி வைரஸ் சுற்றிவந்து ஓரளவு எதிர்ப்பாற்றலைக் கொடுத்திருந்தது. 2017இல் கொரியாவிலிருந்து பெற்ற கே5 என்ற வகையை நூற்றுக்கணக்கான இடங்களில் விட்டார்கள். கண்காணித்த இடங்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு முயல் குறைந்தது. ஒவ்வொரு வைரஸும் முந்தையதைவிடச் சற்றுக் குறைந்த பலனையே தந்திருக்கிறது.

சமையலறை மிக்ஸியில் அரைத்த நோய்

கடலுக்கு அப்பால் நியூசிலாந்தில் நடந்தது தனிப் பாடம். அங்கே அரசு 1997இல் கலிசி வைரஸுக்கு அனுமதி மறுத்தது. மத்திய ஒட்டாகோ விவசாயிகள் பொறுக்கவில்லை. யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். செத்த முயலின் ஈரலை மிக்ஸியில் அரைத்து, கரைத்து, கேரட், ஓட்ஸ் மீது தெளித்து வயலில் போட்டார்கள். ஆத்திரம் புரிகிறது. முறை மோசம். அரைத்து வெயிலில் வைத்த சாற்றில் வைரஸ் வீரியம் இழந்திருக்கும். அதைத் தின்ற முயலுக்கு அது தடுப்பூசி போலாகிவிடும். மேலும், சில வார வயதுக் குட்டிகளை இந்த வைரஸ் கொல்வதில்லை. தாக்கிவிட்டு வாழ்நாள் எதிர்ப்பாற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. குட்டிகள் நிறைந்த பருவத்தில் வைரஸைத் தூவுவது, அடுத்த தலைமுறைக்கு நாமே பாதுகாப்புச் செய்து கொடுப்பதாகும்.

வளையை உடைக்கும் விதம்

இன்று ஆஸ்திரேலியாவில் தேர்ந்த முயல் ஒழிப்புப் பணியாளர் வேலையைத் தொடங்குவது கோடைக்கடைசியில். புல் காய்ந்திருக்கும், இனப்பெருக்கம் நின்றிருக்கும், முயல் மிகக் குறைந்து பசியோடு இருக்கும். முதல் வேலை வரைபடம்: ஒவ்வொரு வளைத்தொகுதியையும் ஜிபிஎஸ் கருவியால் குறித்து, புழக்கமுள்ள வாய்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். புதுப் புழுக்கையும் மண் கீறலும் இருந்தால் உள்ளே ஆள் உண்டு. சிலந்தி வலை படிந்த வாய் காலி.

அடுத்து விஷ இரை. கேரட் துண்டையோ ஓட்ஸையோ மண்ணில் கீறிய ஒரு சாலில் தூவுவார்கள். முதல் இரண்டு மூன்று முறை விஷமில்லாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அஞ்சும் முயலும் பழகிவிட வேண்டும் என்பதற்காக. பிறகுதான் 1080 எனப்படும் சோடியம் ஃப்ளூரோஅசிடேட் கலந்த இரை. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை, நாய்க்கு இது எமன். எனவே வீடுகளுக்கு அருகே பிண்டோன் என்ற இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தையே வைப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளிலேயே இயற்கையாக இந்த ஃப்ளூரோஅசிடேட் இருப்பதால் அங்குள்ள மண்ணின் விலங்குகள் பலவற்றுக்கு இதைத் தாங்கும் சக்தி உண்டு. முயலுக்கும் நரிக்கும் கிடையாது.

விஷத்தோடு நிறுத்தினால் மேலே சொன்ன கூட்டல் கணக்கு மறுபடி தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் டிராக்டர் வர வேண்டும். முதலில் நாய்களை விட்டு வெளியே திரியும் முயல்களை வளைக்குள் விரட்டுவார்கள். நம் உளிக்கலப்பையைவிடப் பெரிய உளிகள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஆழம் போகும், ஒரு சாலுக்கும் அடுத்ததற்கும் 50 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கடைசி வாயிலிருந்து சில மீட்டர் வெளியே தொடங்கி, வளைத்தொகுதி முழுவதும் ஒருமுறை, பிறகு குறுக்காக ஒருமுறை. ஓட்டுநர் திறமையானவராக இருந்தால் உளி இறங்கும்போது மண் பொதுக்கென்று உட்காருவதை இருக்கையிலேயே உணர்வார்: கீழே சுரங்கம் இடிகிறது என்று பொருள். ஓரத்தில் ஒரு மீட்டர் சுரங்கம் தப்பினாலும் முயல் அங்கிருந்து பழைய வளையை மீட்டுவிடும். மண் மிகவும் காய்ந்திருந்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து இடுக்குகள் விழும். மிகவும் ஈரமாயிருந்தால் உளி வெட்டிக்கொண்டு போகுமே தவிர இடியாது. பாறையிடுக்கிலும் மரத்தடியிலும் பழங்குடியினரின் பாரம்பரிய இடங்களிலும் டிராக்டர் நுழையக் கூடாது. அங்கே வாயை அடைத்துப் பாஸ்பீன் புகை போடுவதுதான் வழி. சில வாரம் கழித்து மறுபடி சுற்றி வந்து, திறந்த வாய்களை மூட வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பரந்த வறண்ட பண்ணைகளில் ஆயிரக்கணக்கான வளைகளையும் உழுவது கட்டுப்படியாகாதே என்ற கேள்விக்குத் தென்மேற்குக் குயின்ஸ்லாந்தின் புல்லூ டவுன்ஸ் மாட்டுப்பண்ணையில் ஒரு பதில் கிடைத்தது. வறட்சியில் முயல் எல்லா இடத்திலும் பிழைப்பதில்லை. நீர் தங்கும் சதுப்பைச் சுற்றிய சிறு பகுதியில்தான் கடைசிக் கூட்டம் ஒதுங்குகிறது. மழை வந்ததும் அங்கிருந்தே பரவுகிறது. சதுப்பை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் வளையத்துக்குள் இருந்த வளைகளை மட்டும் 2000களின் தொடக்கத்தில் உடைத்தார்கள். பல ஆண்டு கழித்தும், இடையில் நல்ல மழைக்காலங்கள் வந்தும், முயல் அங்கே தலைதூக்கவில்லை. பண்ணை முழுவதையும் உழாமல், விதைநெல் இருக்கும் பத்தாயத்தை மட்டும் பிடித்ததால் கிடைத்த வெற்றி இது.

பக்கத்து நிலத்துக்காரர்

முயலைத் தனியாகப் பார்ப்பதும் ஆபத்து. டாஸ்மேனியாவுக்குத் தெற்கே மக்குவாரி தீவில் பூனைகளை 2000இல் முழுதாக ஒழித்தார்கள். மிக்சோமாவின் பலனும் மங்கிக்கொண்டிருந்தது. முயல் லட்சத்தைத் தாண்டி, சரிவுகளின் செடிகொடிகளை மொட்டையடித்தது. மண் சரிந்து பெங்குவின்கள் மேல் விழுந்தது. பிறகு சுமார் 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் ஹெலிகாப்டரில் விஷ இரை தூவி, கலிசி வைரஸை விட்டு, எஞ்சியவற்றை நாய்களால் மோப்பம் பிடித்து வேட்டையாடி, 2014இல் முயலும் எலியும் இல்லாத தீவாக அறிவித்தார்கள். சுற்றிலும் கடல் என்ற இலவச வேலி இருந்ததால் அது முடிந்தது. பெருநிலத்தில் எதிர்ப்பக்கமும் உண்டு: முயலை அடித்ததும் பசித்த நரி ஆட்டுக்குட்டிக்கும் அருகிவரும் சிறு விலங்குகளுக்கும் திரும்பும். ஆகவே நரிக்கான இரையும் அதே மாதங்களில் போக வேண்டும். நாளடைவில் நிலை மாறவும் கூடும்: 1995க்குப் பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைப்பகுதியில் முயல் வீழ்ந்ததும் நரியும் பூனையும் இரையின்றிக் குறைந்தன. அரிதாகிவிட்ட பாலைவனச் சிற்றெலிகள் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பின.

விக்டோரியாவில் 1994ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி தன் நிலத்தில் முயலைக் கட்டுப்படுத்துவது உடைமையாளரின் கடமை. நோட்டீஸ் அனுப்பலாம், அபராதம் போடலாம். ஆனால் வார இறுதியில் மட்டும் வந்துபோகும் நகரத்து உரிமையாளர், ரயில்பாதை ஓரம், சாலைப் புறம்போக்கு, கருமுள்ளிப் புதர், பழைய கொட்டகையின் அடித்தளம் என்று உளி எட்டாத மூலைகள் ஏராளம். ஒருவர் உழுது முடித்த வயலுக்குப் பக்கத்து வேலியடியிலிருந்து முயல் வருவதுதான் இன்றைய வழக்கமான புகார். இதற்காகவே 2014இல் தொடங்கிய விக்டோரியா முயல் செயல் வலையமைப்பு, நோட்டீஸுக்குப் பதிலாக ஊர் ஊராக நிலத்துக்காரர்களையும் உள்ளாட்சி மன்ற ஊழியர்களையும் ஆய்வாளர்களையும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வைத்தது. 2019இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருதும் பெற்றது. அந்தக் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி அடுத்த வைரஸ் எப்போது வரும் என்பதுதானாம் என்று சொன்னால் நான் வியப்படைய மாட்டேன். அதற்குக் கூட்டம் நடத்துபவர் தரக்கூடிய நேர்மையான பதில், டிராக்டருக்கு யார் பணம் போடுகிறீர்கள் என்ற எதிர்க்கேள்விதான்.